வெண்மைக்குள் ஒரு நிழல்

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிம்மதி கொள்வதே நம் வழக்கம். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும் நோயில் அந்த நிம்மதிக்கு இடமில்லை. நோயாளிக்கு மூச்சுத் திணறும். படமோ பல வேளைகளில் குறிப்பிடும்படி எதையும் காட்டாது. இப்பொருத்தமின்மையே ஐயத்தைக் கிளப்ப வேண்டும்.

புளியறையில் எங்கள் அத்தை இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரங்களாகப் படுக்கையில் இருந்தார். ஒரு விடியற்காலையில் திடீரென மூச்சிரைத்தது. தென்காசி தாண்டித் திருநெல்வேலிக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மருத்துவர் எக்ஸ்ரேயைக் கையில் எடுக்குமுன் போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. உடனே சி.டி. எடுக்கச் சொன்னார்.

பிறகு கணினித் திரையில் எங்களுக்கு விளக்கினார். அயோடின் கலந்த மருந்தைக் கைச்சிரை வழியே செலுத்தி, அது நுரையீரல் தமனிகளை நிறைக்கும் நொடியில் படம் பிடிக்கிறார்கள். குருதி ஓடும் குழாய்கள் வெண்மையாக ஒளிர்கின்றன. கட்டி இருக்குமிடத்தில் மருந்து புகுவதில்லை. வெண்மைக்குள் ஒரு சாம்பல் நிழல் விழுகிறது. குறுக்குவெட்டில் அது நடுவில் ஓட்டையுள்ள போலோ மிட்டாய் போலத் தெரியுமாம். நீளவாக்கில் இருபுறமும் வெள்ளைக் கோடுகள் ஓட, தண்டவாளம் போல. பகவதிபுரம் வழியே மலையேறும் ரயிலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இரண்டாவது உவமை சட்டென்று விளங்கியது.

நிழலெல்லாம் கட்டியல்ல. நோயாளி மூச்சை அடக்காவிட்டாலும், மருந்து சரியாகக் கலக்காவிட்டாலும் போலி நிழல்கள் விழும். ஆகவே ஒரே குழாயை அடுத்தடுத்த வெட்டுகளில் தொடர்ந்து சென்றுதான் உறுதி செய்கிறார்கள்.

சி.டி. வராத காலத்திலும் கூர்ந்து பார்த்தவர்கள் உண்டு. அடைப்புக்கு அப்பால் குருதி குறைவதால் எக்ஸ்ரேயில் அப்பகுதி கூடுதலாகக் கருத்திருக்கும் என்று 1938இல் வெஸ்டர்மார்க் எழுதினார். நுரையீரலின் ஓரத்தில் மேடுபோல் எழும் வெண்திட்டை 1940இல் ஹாம்ப்டன் விவரித்தார். இரண்டும் அரிதாகவே தென்படுபவை.

கட்டி பெரும்பாலும் காலின் ஆழ்சிரைகளில் உருவாகி, இதயத்தைக் கடந்து நுரையீரலுக்கு வருகிறது. ஆகவே அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய், நெடுநாள் படுக்கை, நீண்ட பயணம் ஆகியவற்றுக்குப் பின் திடீர் மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வந்தால், ஒற்றைக் கால் வீங்கியிருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் உட்கொண்டு அத்தை தேறினார். இப்போது தடியூன்றி வயல்வரப்பு வரை நடக்கிறார். கூடப் போகிற நாங்கள்தான் அவ்வப்போது அவர் கால்களைப் பார்த்துக்கொள்கிறோம்.