இரண்டாம் அறையின் தமிழ்

ஐரோலியின் ஈரறை வீடொன்றைக் கருதுவோம். கூடத்தில் ஒரு தொலைக்காட்சி, பாட்டியின் அறையில் மற்றொன்று, செட்டாப் பெட்டியோ ஒன்றே. ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வைத்தால் இரண்டிலும் படம் தெரியும். ஆனால் ஒரே படம். கூடத்தில் பேரன் மராத்தித் தொடருக்கு மாற்றிய கணத்தில் உள்ளறையில் தமிழ் நின்றுவிடும்.

1980களில் மும்பையின் அடுக்குமாடிகளில் ஒரு வீடியோ பிளேயரின் படம் கம்பிவழி எல்லா வீடுகளுக்கும் சென்றது. 1991 வளைகுடாப் போரையொட்டி டிஷ் ஆன்டெனாக்கள் பெருகின. அனலாக் கம்பியில் எல்லா அலைவரிசைகளும் ஒருசேர ஓடின. கம்பியை இரண்டாகப் பிரித்தால் ஏறத்தாழ 3.5 டெசிபல் வலு குறையும். எனினும் ஒவ்வொரு தொலைக்காட்சியும் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தது.

அக்கம்பிக்கும் எல்லை இருந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. ஒரு தெருவின் கம்பியில் அது ஏறுமா என்பதைக் கேபிள்காரரே முடிவுசெய்தார். தமிழ் வீடுகள் நெருங்கிய தாராவியில் கோரிக்கைக்கு வலு இருந்தது. பல மொழியினர் கலந்து வாழும் குடியிருப்பில் சிறுபான்மையின் குரல் இரைச்சலில் அமிழும்.

2012இல் மும்பையில் நடைமுறைக்கு வந்த கட்டாய டிஜிட்டல்மயம், மொழியைத் தெரிவுசெய்யும் உரிமையை வீட்டுக்கு அளித்தது. மறையாக்கத்தால் ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் தனிப்பெட்டியையும் கோரியது. முன்பு தெருவில் நடந்த பேரம் இன்று வீட்டுக்குள் நடக்கிறது. பாட்டியின் தமிழுக்கு இரண்டாம் பெட்டியின் கட்டணத்தைச் செலுத்துவதா என்பதே இப்போதைய கேள்வி.