மலை ஏறின ஜீப்பும், மால் ஏறின ஜீப்பும்!

உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பாதி வண்டிகள் ஆளுயரத்துக்கு நிற்கும். காட்டெருமை மாதிரி முகம், யானைக்கால் மாதிரி டயர். காடு மேடெல்லாம் துவம்சம் பண்ணவே பிறந்த வண்டிகள்... காலையில் பிள்ளையை கான்வென்ட்டில் இறக்கிவிட்டு, ஒன்பதரைக்கு பேஸ்மென்ட்டில் போய்ப் படுத்துக்கொள்கின்றன! சாயங்காலமானால் ஷாப்பிங் மால். ஸ்பீடு பிரேக்கர் தவிர வேறு மலை எதையும் அவை ஏறியதில்லை.

இந்த ரக வண்டிக்கு நிஜமான உத்தியோகம் என்ன என்று தெரியவேண்டுமா? தர்மபுரிக்கு பஸ் ஏறுங்கள்.

தர்மபுரி என்றதும் நம் ஆட்களுக்கு ஒகேனக்கல் எண்ணெய் மசாஜும் மீன் வறுவலும்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனால், 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் மலை. வத்தல்மலை, சித்தேரி மலை, பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை... எட்டாத மலையில் இருந்த நெல்லிக்கனியைக் கொண்டுவந்து ஔவைக்குக் கொடுத்த அதியமானின் சீமையாச்சே! இங்கே மலை ஏறுவது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

தர்மபுரி டவுனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வத்தல்மலை. மேலே காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். அடிவாரத்து டீக்கடை ஓரமாக ஒரு பழைய மஹிந்திரா ஜீப். பெயின்ட் எங்கே, துரு எங்கே என்று பிரிக்க முடியாத ஒரு கலர். பக்கத்திலேயே டிரைவர். அறுபதைத் தாண்டியவர்.

"மேல போகணும்ண்ணே."

"பஸ் இருக்குதுங்களே சார்?"

"ஜீப்ல போகத்தான் வந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். 'வேலை வெட்டி இல்லாத ஆள் போல' என்று நினைத்திருப்பார். வாயைத் திறந்து சொன்னது, "ஏறுங்க சார், கதவை மட்டும் கெட்டியா புடிச்சுக்குங்க. அது அப்பப்ப தானா தொறந்துக்கும்!"

வண்டி கிளம்பும் முன் கொஞ்சம் சரித்திரம். (கொட்டாவி விடாதீர்கள், சுவாரஸ்யமாகவே இருக்கும்!)

1940-ல் ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்தது. சேறு, மணல், மேடு எதிலும் ஓடுகிற சின்ன வண்டி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. கெடு 49 நாள்! பான்ட்டம் என்ற குட்டிக் கம்பெனி அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ஆனால், அவர்களால் அத்தனை வண்டி செய்து தள்ள முடியாது என்று பெரிய ஆர்டரை வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். சமைத்தது ஒருத்தர், பந்தியில் உட்கார்ந்தது வேறு ரெண்டு பேர்! போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் இறங்கின.

அந்தப் பெயர் எப்படி வந்தது? 'ஜி.பி.' என்ற எழுத்துகள் தேய்ந்து ஜீப் ஆனது என்பார்கள். இல்லை, 1936-ல் 'பாப்பாய்' கார்ட்டூனில் வந்த ஜீப் என்ற மாய மிருகத்தின் பெயர் என்பார்கள். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

நம் ஊர்க் கதை இன்னும் ருசி. 1945-ல் மஹிந்திரா சகோதரர்கள், குலாம் முகமது என்பவருடன் சேர்ந்து 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று இரும்பு வியாபாரம் ஆரம்பித்தார்கள். தேசம் பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போய் அதன் முதல் நிதி மந்திரி ஆனார். 1948-ல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. 'எம் அண்ட் எம்' என்ற எழுத்து மட்டும் மாறவே இல்லை! வில்லீஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது இவர்கள்தான்.

அப்புறம் தாசில்தாருக்கு ஜீப், பி.டி.ஓ-வுக்கு ஜீப், போலீஸுக்கு ஜீப். கிராமத்தில் ஜீப் சத்தம் கேட்டால் சாராயம் காய்ச்சுகிறவர் முதல் கடன் பாக்கிக்காரர் வரை பின்வாசல் வழியாக ஓடின காலம் அது. சினிமாவிலோ வில்லனின் அடியாட்கள் தொங்கிக்கொண்டு வருவதற்கென்றே ஒரு திறந்த ஜீப்!

1994-ல் டாடா சுமோ வந்தது. ஜப்பான் குண்டு மல்யுத்த வீரர் பெயர் என்றுதானே நினைத்தீர்கள்? அது டாடா மோட்டார்ஸின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதலெழுத்துகள்! 1998-ல் சஃபாரி, 2000-ல் பொலிரோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ... காக்கி கழற்றிய ஜீப், குடும்பஸ்தன் ஆகிவிட்டது.

இதற்குள் எங்கள் வண்டி வளைவுகளில் திரும்ப ஆரம்பித்திருந்தது. இருபதுக்கும் மேலே கொண்டை ஊசிகள். வயிற்றுக்குள் டீ சுழன்றது.

"அந்த ரெண்டாவது கியர் குச்சி எதுக்குண்ணே?"

"அதாங்க சார் இதோட உசுரு."

சாதாரண காரில் இன்ஜின் சக்தி ரெண்டு சக்கரத்துக்குத்தான். அந்த ரெண்டும் சேற்றில் வழுக்கினால் கதை முடிந்தது. இதில் அந்தக் குச்சியைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். 'லோ'வில் போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். ஆள் நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்காது. அடியில் லாரி மாதிரி தனிச் சட்டம். கல்லில் மோதினாலும் தாங்கும். இன்றைக்கு ஷோரூமில் பளபளக்கும் 'எஸ்.யு.வி.'க்களில் பலவற்றுக்கு இந்தச் சட்டமும் கிடையாது, நாலு சக்கர இழுவையும் கிடையாது. கார்தான், புலி வேஷம் கட்டியிருக்கிறது!

அண்ணன் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"இந்தப் பக்கத்து மலைங்கள்ல நான் போகாத தடம் இல்லீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, பிரசவ வலின்னு கதவத் தட்டுவாங்க. மழை கொட்டும். லைட்டு ஒண்ணுதான் எரியும். வரலைன்னு சொல்ல முடியுங்களா? ஜீப்பும் போகாத ஊருன்னா, டோலி கட்டித் தூக்கியாறணும். பாதி வழியில என்ன வேணா ஆகலாம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் மிகைப்படுத்தவில்லை. 2019, 2021 தேர்தல்களில் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷின்கள் கழுதை முதுகில்தான் போயின. ஓட்டுக்காவது கழுதை கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர் எதில் இறங்குவார்?

வத்தல்மலைக்கு ரோடு போட்டு, 2022-ல் பஸ்ஸும் விட்டார்கள்.

"உங்க வருமானம் போச்சேண்ணே?"

"போகட்டும் சார். இருவது பேர ஏத்திக்கிட்டு, பின்னால நாலு பேரு தொங்கிக்கிட்டு, சாமி பேரச் சொல்லி ஓட்டினது எல்லாம் ஒரு பொழப்பா? கவுந்தா யாரு பதில் சொல்றது? பஸ் வந்தது நல்லதுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இப்ப ஞாயித்துக்கிழமைன்னா டவுன் பசங்க பெரிய பெரிய வண்டில வர்றாங்க. வளைவுல மாட்டிக்கிட்டு என்னத்தான் கூப்பிடுறாங்க!"

போகிற இளைஞர்களுக்கு அவர் தந்த பாடம்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு; பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். ஏறுகிற வண்டிக்கு வழி விடு. உயரமான வண்டி வளைவில் சீக்கிரம் சாயும், அதனால் வீரத்தை மேலே போய்க் காட்டு.

உச்சியில் நின்றோம். கீழே தர்மபுரி, சாமை உலர்த்தின முற்றம் மாதிரி கிடந்தது. என் செல்போனில் நண்பன் புதிதாக வாங்கின வண்டியின் படத்தைக் காட்டினேன்.

"ஷோக்கா இருக்குதுங்க. என்ன விலை?"

"இருபது லட்சம்ண்ணே."

"அடேங்கப்பா! எத்தனை பேரு உக்காரலாம்?"

"அஞ்சு பேர்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் ஜீப்பை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"அஞ்சே பேருதானா சார்?"