சும்மாதான் இருக்கேன்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம். சின்ன வெங்காயத்தைப் பட்டறையில் ஏற்றும் நேரம். இளைஞர்களின் படிப்பு, வேலை பற்றிய ஆய்வுக்காக என் மாணவர்கள் நான்கு பேரோடு வீடு வீடாகப் போனபோது எழுதியவை.

*

"இப்ப என்ன பண்றீங்க தம்பி?"

"சும்மாதான் இருக்கேன் மேடம்."

மாணவனின் பேனா 'வேலையில்லை' கட்டத்துக்குப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டு, நேற்று விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியிருக்கிறார். மக்காச்சோளத்துக்கு மருந்தடித்திருக்கிறார். முகூர்த்த நாளில் கேட்டரிங் போனால் 600 ரூபாய். ராத்திரி குரூப் 4 புத்தகம். பி.எஸ்சி. கணிதம் முடித்து இரண்டு வருஷமாகிறது.

இத்தனையும் சேர்ந்ததற்குத்தான் அந்த வீட்டில் 'சும்மா' என்று பெயர். மாதச் சம்பளம் வந்தால்தான் வேலை.

*

தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின் வாரக் கணக்கில், கடந்த 7 நாளில் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே வேலையில் இருப்பவர். சொந்தக் காட்டில் கூலியில்லாமல் பாடுபட்டதும் சேரும். அந்தக் கணக்குக்கு இந்தத் தம்பி வேலையில் இருக்கிறார். அவர் வாயால் கேட்டால் இல்லை. 2023-24இல் 15-29 வயதினரிடையே வேலையின்மை 10.2 சதவீதம் என்றது அதன் ஆண்டறிக்கை. அது ஆண்டுக் கணக்கு. அதிலும் வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்தவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார். தம்பியின் மனக்குறை இந்த எண்ணுக்குள் வரவே வராது.

*

2024 குரூப் 4: அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற தேர்வுக்குப் பட்டதாரிகள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

*

'உயர்கல்வி வேலைக்கு உதவுமா? ஆம் / இல்லை.' எங்கள் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி. எல்லாரும் 'ஆம்'. வீண் கேள்வி. மதியத்துக்கு மேல் மாற்றினோம்: "கடைசியா வேலை கேட்டு எங்க போனீங்க? என்ன சொன்னாங்க?" அதற்குப் பிறகு எழுதத்தான் தாள் போதவில்லை. ஓசூர், பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, ஒரே அறையில் எட்டுப் பேர், மூன்றே மாதத்தில் மஞ்சள் காமாலையோடு திரும்பியது.

*

ப்ளஸ் டூ முடித்த பெண். கேள்வி அவளுக்கு, பதில் அப்பாவிடமிருந்து. "நர்சிங் சேரப் போகுது. அதுக்கு அதான் ஆசை." அவள் தலையாட்டினாள். எழுதிக்கொண்டோம்.

நாயைப் பிடித்துக்கொள்ள வேலிப்படல் வரை கூடவே வந்தாள். அங்கே மெதுவாக, "மிஸ், ரத்தத்தப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும். டிப்ளமா சிவில் படிக்கணும். சர்வேயராகணும்" என்றாள். எழுதியதை அடித்துவிட்டு மேலே 'சிவில்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்து, சரியாக எழுதியிருக்கிறேனா என்று உறுதிசெய்துகொண்டாள்.

அன்றைக்கு எத்தனை வீட்டில் அப்பாக்களின் ஆசையை எழுதி வந்தோமோ!

*

டீக்கடையில் ஒருவர்: "போன வருஷமும் வந்து எழுதிட்டுப் போனாங்க. என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொல்லலையே?" என்னிடம் பதில் இல்லை.

ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்களே, பெண்பிள்ளைகளிடம் தனியாக ஐந்து நிமிஷமாவது பேசுங்கள். 'சும்மா' என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். முடிவு கைக்கு வந்ததும் அந்த ஊருக்கே திரும்பப் போய், அந்த டீக்கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.