நம்பாதவர்கள் கேட்ட ஸ்ட்ரைப்பர்

ஹெவி மெட்டல் சாத்தானின் இசை என்பது பரவலான எண்ணம். அதே இரைச்சலில் ஏசுவைப் பாடிய அமெரிக்கக் குழு ஸ்ட்ரைப்பர். மஞ்சள், கறுப்புப் பட்டைகள் போட்ட உடையணிந்து, மேடையிலிருந்து விவிலியப் பிரதிகளைக் கூட்டத்துக்குள் வீசியவர்கள். அவர்களது 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான 'டு ஹெல் வித் த டெவில்' அண்ணாமலை நகரில் எங்கள் அறைக்கு வந்தபோது, இறைநம்பிக்கையற்ற நாங்கள் கேலி செய்யவே கேட்டோம். மைக்கேல் ஸ்வீட்டின் உச்சக்குரலும், இரண்டு கிட்டார்கள் இணைந்து இழையும் இடங்களும் கேலியை மறக்கடித்தன.

சொற்களை ஒதுக்கி இசையை மட்டும் ரசிக்கிறோம் என்று தப்பிக்கவும் வழியில்லை. பாடலின் பொருள் கேட்பவனுக்குப் புரிய வேண்டுமென்று 1941இல் தமிழிசை மாநாடு கூடிய ஊரல்லவா இது! தேவாரத்தில் உருகும்போது எங்களிடம் யாரும் நம்பிக்கைச் சான்றிதழ் கேட்டதில்லை. இங்கும் நம்பிக்கை வரவில்லை. நம்புகிறவனின் குரல் ஏன் அவ்வளவு உயரம் எழுகிறது என்பது மட்டும் சற்றே பிடிபட்டது.