முதற் பிரதி

"வந்த காச வேணாமெண்டு சொல்லிட்டு வந்து நிக்கிறான் தம்பி. நீதான் அவனுக்கு ஒரு புத்தி சொல்லணும்" என்று ராத்தா வந்து நின்றபோது, நான் இரண்டாந் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவளுடைய மூத்தவன் உயர்தரம் முடித்துவிட்டு டவுனில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நிற்கிறான். இரவில் மூன்று கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு யூடியூப்பில் ஒரு தொடர் நாடகம் போடுகிறான். வயற்காரர்களின் கதை. ஆறு அத்தியாயங்கள் என்பது திட்டம், இரண்டு வெளிவந்துவிட்டன. மூன்றாவதற்கு நல்ல மைக்கும் விளக்கும் வேண்டும். ஒன்றரை இலட்சம் முடியுமாம். உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடைக்காரர் ஒருவர் முழுத் தொகையையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் கடைப் பெயர்ப்பலகை தெரிய வேண்டும். அதற்கு இவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாம் அத்தியாயத்தில், கடனுக்கு உரம் வாங்கியவன் சூடடித்த களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போகும் காட்சியை மாற்ற வேண்டும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் மருமகன் மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டான். இப்போது, மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பும் காசில் ராத்தா கட்டுகிற சீட்டின்மீது அவனுக்குக் கண்.

ஒருவனுக்குப் புத்தி சொல்வதென்றால் விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆயத்தமில்லாமல் வகுப்புக்குப் போகாதே என்றுதான் ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆகவே தவணை விடுமுறையில் இந்த இணையத் தொடர்களின் வரவு செலவைத் தேடிப் படித்தேன். தொழில் முளைத்த இடம் அமெரிக்கா என்பதால் கதைகளும் அங்கிருந்தே கிடைத்தன.

2006ஆம் ஆண்டு 'லோன்லிகேர்ள்15' என்றொரு தொடர் வந்தது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் அறையிலிருந்து கமெராவைப் பார்த்துப் பேசுகிறாள். பார்த்தவர்கள் நிஜமென்றே நம்பினார்கள். செப்டெம்பரில் அவள் ஒரு நடிகை என்பது வெளியானது. ஆச்சரியம் என்னவென்றால், அதன்பிறகும் தொடர் ஓடியது. அடுத்த வருடம் நியூட்ரஜீனா என்ற அழகுசாதனக் கம்பனி காசு கொடுத்தது. அந்தக் கம்பனியின் விஞ்ஞானி என்று ஒரு பாத்திரம் கதைக்குள் நுழைந்தது. எங்கள் உரக்கடைக்காரர் கேட்டது பெரிய புதுமையல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

மற்றக் கதை 'த கில்ட்'. பெலிசியா டே என்ற நடிகை, கணினி விளையாட்டில் ஊறிக் கிடப்பவர்களைப் பற்றித் தொலைக்காட்சிக்கென ஒரு பிரதி எழுதினார். பிறகு அதையே இணையத்துக்கு மாற்றி 2007 ஜூலையில் யூடியூப்பில் தொடங்கினார். முதல் சில அத்தியாயங்கள் கைக்காசில். காசு தீர்ந்ததும் பார்த்தவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். முதலாவது சீசனின் மீதி பெரும்பாலும் அந்தச் சில்லறையிலேயே முடிந்தது. (சீசன் என்பதைவிட, எங்கள் வயற்காரப் பாஷையில் போகம் என்றால் இன்னும் பொருந்தும்.) 2008இல் மைக்ரோசொப்ட் வந்தது, ஸ்பிரின்ட் என்ற தொலைபேசிக் கம்பனி அனுசரணை தந்தது. ஆறு போகம் விளைந்து 2013இல் முடிந்தது. அவ்வளவு பெரிய கம்பனிகள் வாசலுக்கு வந்த பின்னும் தொடரின் உரிமையை அந்தப் பெண் கைவிடவில்லை. இந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. சுயாதீனத் தொடர்களுக்கென்றே 2005இல் தொடங்கிய பிளிப் என்ற தளம் விளம்பர வருமானத்தைப் படைப்பாளியோடு பாதிக்குப் பாதி பகிர்ந்தது. 2013இல் அதை வேறொரு கம்பனி வாங்கியது, 2015இல் இழுத்து மூடினார்கள். காசில்லாததுதான் காரணம் என்பதற்கும் இடமில்லை. 175 கோடி டொலர் திரட்டிக்கொண்டு 2020 ஏப்ரலில் வந்த குவிபி, பெரிய நட்சத்திரங்களை வைத்து எடுத்த குறுந்தொடர்களோடு அந்த வருடம் முடியுமுன்னரே மூடப்பட்டது. அதற்கு எதிர்ப்புறத்தில் இஸ்ஸா ரே என்ற பெண். 2011இல் தன்னைப் போன்ற கூச்ச சுபாவமுள்ள கறுப்பினப் பெண்ணொருத்தியின் தொடரை எடுத்து, பாதியில் காசு தீர்ந்து, பார்வையாளரிடம் 56 ஆயிரம் டொலருக்கு மேல் சேர்த்தவர். 2016இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 'இன்செக்யூர்' அவருடையதாக வந்தது. இணையத் தொடர் அவருக்குச் சம்பாத்தியமாக அல்ல, ஏணியாகவே இருந்தது.

யூடியூப்பின் கணக்கையும் மருமகனைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தோம். விளம்பரக் காசில் நூற்றுக்கு 55 படைப்பாளிக்கு. அதற்குள் நுழைய ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணித்தியாலப் பார்வையும் வேண்டும். நூறு டொலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். பார்ப்பவன் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறான் என்பதைப் பொறுத்தும் தொகை கூடும், குறையும். இவனுக்கு எழுநூறு சொச்சம் சந்தாதாரர்.

"அப்ப இந்த ஆறும் முடிஞ்சாலும் போட்ட காசு வராது" என்றேன்.

"தெரியும் மாமா. ஒங்கட புத்தகத்துக்கு வந்ததா?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை.

2009இல் இடர்கடன் எடுத்து என் சிறுகதைத் தொகுதியை ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டேன். நம் வட்டத்தில் இந்த வியாபாரம் எப்படியென்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியீட்டு விழாவில் முதற் பிரதி வாங்கும் தனவந்தரின் கடித உறையே அச்சுக்கூலியில் பாதி. பிறகு சிறப்புப் பிரதிகள். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. என் விழாவுக்கும் ஒரு பெரிய மனிதர் கிடைத்தார். அவர் நெல் ஆலை வைத்திருந்தார். தொகுதியில் 'தராசு' என்று ஒரு கதை இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடையில் நின்ற நண்பர்தான், "அந்த ஒன்றை மட்டும் அடுத்த தொகுதிக்கு வைத்துக்கொள்ளுங்களேன் சேர்" என்றார். பதினொரு கதைகள் பத்தாயின. அடுத்த தொகுதி இன்னும் வரவில்லை.

உரக்கடைக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார், இருபது வயதுப் பையன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றான். என்னிடம் யாரும் நேரே கேட்கவேயில்லை. நானாகவே எடுத்துக் கொடுத்தேன்.

'த கில்ட்' செய்தது போல் பார்ப்பவர்களிடமே கேட்டுப் பார் என்றேன். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் அவனுடைய தொடரை அதிகம் பார்க்கிறார்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபா பெரிய காசல்ல. முந்நூறு பேர் வேண்டும். கணக்கு எழுதி வைக்கவும், யாருக்கும் கதையில் கைவைக்கும் உரிமையில்லை என்று முதலிலேயே போடவும் சொன்னேன். அவன் தலையாட்டினான். பதினேழு நாளில் நாற்பத்தொரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்துக்கு அது போதாது.

ராத்தாவின் சீட்டைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இடர்கடன் விண்ணப்பப் படிவம் ஒன்று எடுத்து வந்து வைத்திருக்கிறேன். இரண்டு பிணையாளிகள் வேண்டும். ஒருவர் எங்கள் கணிதப் பாட ஆசிரியர், சம்மதித்துவிட்டார். மற்றவரைக் கேட்பதற்குள் மருமகன் நேற்றிரவு வந்து, "மாமா, அந்தத் தராசுக் கதை கைவசம் இரிக்கா?" என்றான். கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இருவருமாக இழுத்தோம். மேலே இருந்த புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. கையெழுத்துப் பிரதி பொலித்தீனில் சுற்றியிருந்ததால் தப்பியிருந்தது.