கணக்கு எழுதுவதும் ஊழியம்தான்!

"பி.காம். படிக்கிறியா? அப்போ ஊழியத்துக்கு வரலையா தம்பி?"

சபையில் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் சிரித்து வைப்பேன்.

ஆண்டவர் உன்னை ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறார் என்று கேட்டே வளர்ந்தவன் நான். நோக்கம் என்றால் போதகர், மிஷனரி, மிஞ்சிப் போனால் டாக்டர். பற்று வரவுக்கும் பரலோகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள், திங்கட்கிழமை வேறு ஆள் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜே.சி. குமரப்பாவைப் பற்றிப் படித்தேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும்போது காந்திகிராமத்தைத் தாண்டித்தான் போவோம். காந்தி, கதர், கிராமத் தொழில் எல்லாம் தெரியும். ஆனால் கிராமத் தொழில் இயக்கத்துக்குப் பொருளாதாரம் எழுதியவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர், அதுவும் ஆடிட்டர் என்பது எனக்குத் தெரியாது!

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் கோட்டு சூட்டோடு ஆடிட்டர் தொழில். பிறகு அமெரிக்காவில் படிப்பு. இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரவு செலவுக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்ததுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1929-ல் காந்தியைச் சந்தித்தார். கோட்டு போய் கதர் வந்தது. கார்னீலியஸ் போய் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது.

ஆனால் இயேசுவை அவர் விடவில்லை. சிறையில் இருந்த காலத்தில் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகமும், இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி இன்னொரு புத்தகமும் எழுதினார். இரண்டும் 1945-ல் வந்தன. கடைசிக் காலத்தை மதுரைக்கு அந்தப் பக்கம் டி.கல்லுப்பட்டியில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், இறந்தார்.

என்னை உலுக்கியது இன்னொரு சம்பவம். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தவர் குமரப்பா. காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டாராம். காந்தியிடமே!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு நான்தான் பொருளாளர். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் வசூலானது ஏழைப் பிள்ளைகளின் துணிக்கான காசு. அதில் நாங்கள் ஐந்து பேர் பிரியாணி சாப்பிட்டோம். 900 ரூபாய். நோட்டில் "இதர செலவுகள்" என்று எழுதி மூடிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்றும் தெரியும்.

ஜெபக்கூட்டத்தில் உருகி ஜெபிக்கிறவனும் நான்தான், அந்த வரியை எழுதியவனும் நான்தான். என்னுடைய அழைப்பு எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அது என் கையிலிருந்த கணக்கு நோட்டில் இருந்தது!

இரண்டு மாதத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். அந்த வரியை அடித்து, "பிரியாணி, 5 பேர்" என்று எழுதி, கூட்டத்தில் வாசித்தும் காட்டினேன். இரண்டு நண்பர்கள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. வருத்தம்தான்.

அடுத்த தடவை பெரியவர் கேட்டால் சொல்லப் போகிறேன்: "வந்துட்டேன் ஐயா, இப்போதான் ஆரம்பிச்சிருக்கேன்."

உங்கள் நோட்டில் "இதர செலவுகள்" உண்டா நண்பர்களே?