புள்ளியை மறுக்கும் உரிமை

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பரீட்சை பெரும்பாலும் வாயால் நடப்பது. எழுத்துப் பரீட்சை இருக்கிற பாடங்களிலும் அதைத் தாண்டியபின், பேராசிரியருக்கு எதிரே கதிரையில் இருந்து, பின்வாங்கில் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருக்கப் பதில் சொல்லவேண்டும். புள்ளி 30க்கு. 18 எடுத்தால் சித்தி. புள்ளியைச் சொன்ன பிறகு "அச்செத்தா?" என்று கேட்பார். ஏற்றுக்கொள்கிறீரா என்று அர்த்தம். வேண்டாமென்றால் அடுத்த தவணையில் மறுபடி தோற்றலாம்.

இதை முதலில் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. எங்கள் காலத்தில் புள்ளி மேலிருந்து வந்து விழும். யாரும் எங்களிடம் சம்மதம் கேட்டதில்லை. 1970-71இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலத்தவருக்கு 227 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூலத்தவருக்கு 250 வேண்டியிருந்தது. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் அகப்பட்டவர்களில் என் பெரியண்ணரும் ஒருவர். பிறகு சங்கக்கடையில் கணக்கெழுதினார்.

அவருடைய கடைசிப் பெடியன் 2016இல் மாணவர் விசாவில் பலெர்மோவுக்கு வந்தான். பல்லாரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டில்தான் தங்கினான். நான் 1989இல் இங்கு வந்து, 1990ஆம் ஆண்டின் மார்த்தெல்லிச் சட்டத்தால் விசா கிடைத்தவன். வீட்டு வேலை செய்து பழகிய என் இத்தாலியன் குசினியைத் தாண்டாது. என் மகள் இங்கேயே பிறந்தவள். இங்கே பிறந்தும் 18 வயதுவரை அவளும் வெளிநாட்டுக்காரிதான். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வயதில் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற்றாள்.

பெடியன் ஒரு வருடம் மொழி படித்துவிட்டு, 1806இல் தொடங்கிய பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குச் சேர்ந்தான். மகளும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாடத்துக்கு அவளுக்கு 23 சொன்னார்கள். வேண்டாமென்று எழும்பி வந்து, அடுத்த தவணையில் 28 எடுத்தாள்.

பெடியன் கணிதத்தில் கெட்டிக்காரன். முதற் பரீட்சைக்கு முதல்நாள், இங்குள்ள எங்கள் சனம் சைவம் வேதம் பாராமல் நேர்த்தி வைக்கிற சாந்தா ரொசாலியாவின் குகைக்கு, பெல்லெகிரீனோ மலை ஏறிப் போய்வந்தான். எழுத்தில் நல்லாய்ச் செய்தான். வாய்மொழியில் "ஏன்?" என்று கேட்டபோது பதில் தமிழில் வந்து நின்றதாம். 19 என்றார்கள். ஏற்றுக்கொண்டான்.

மகளுக்குக் கோபம். "அண்ணா, நீங்கள் வேண்டாமெண்டு சொல்லியிருக்கவேணும்."

"தங்கச்சி, உனக்கு அது புள்ளி. எனக்கு அது விசா" என்றான்.

அவன் சொன்னது சரி. மாணவர் விசாவைப் புதுப்பிக்க முதல் வருடம் ஒரு பாடமாவது, பிறகு வருடம் இரண்டாவது சித்தியடைய வேண்டும். உதவிப்பணம் முழுதாய்க் கிடைக்க முதல் வருடத்தில் ஓகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் வேண்டும். வேலை கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் செய்ய முடியாது. ஒரே மேசை, ஒரே கேள்வி, ஒரே உரிமை. ஆனால் அந்த உரிமையைச் செலவழிக்கக் கையில் கால அவகாசம் வேண்டும். அது ஊர்க்காரருக்கு இருக்கிறது. விசாக்காரனுக்கு இல்லை.

பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும். விமானச் சீட்டுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் காசு சேர்ப்பதோடு, அவன் ஒரு புள்ளியை ஒருதரமாவது மறுக்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால், அதுவே பெரிய உதவி.

பெடியன் 2021இல் பட்டம் பெற்றான். இங்குள்ள வழக்கப்படி தலையில் லாரல் இலை மாலையும் வைத்துக்கொண்டான். இறுதிப் புள்ளி 110க்கு 88. யாழ்ப்பாணத்துக்கு எடுத்து அண்ணருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

"வெட்டுப்புள்ளி எவ்வளவாம்?" என்று கேட்டார்.

"அப்பிடியொண்டு இல்லை அண்ணை, அவன் பாஸ்" என்றேன்.